உங்களுக்குத் தெரியுமா? கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர்

சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கும் சீட்டும் நடுங்குகின்றனவா? ரிவர்ஸ் போட்டதும் காருக்கு அடியில் 'டொம்' என்று இடிக்கிறதா? கியர்பாக்ஸே போய்விட்டதென்று பதறாதீர்கள். அதைத் தாங்கும் மவுண்டை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இரும்போடு ஒட்டிய ரப்பர் துண்டுதான் அது. நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடும் நாலு சிலிண்டர் எஞ்சினுக்குள் நொடிக்குச் சுமார் 27 முறை எரிபொருள் வெடிக்கிறது. அந்த அதிர்வு நம்மை எட்டாமல் தடுப்பதில் இதற்குப் பெரும் பங்கு. நாள்பட்டால் விரிசல் விடும். ஆயில் கசிந்து பட்டால் ஊறிச் சீக்கிரமே கெடும். கசிவை அடைக்காமல் புது மவுண்ட் மாட்டுவது வீண் செலவு.

எஞ்சினை ரப்பர்மேல் அமர்த்தும் முறையை 'மிதக்கும் சக்தி' என்ற பெயரில் 1931இல் கொண்டுவந்தது அமெரிக்கக் கார் நிறுவனமான பிளிமத். அந்த முறையின் உரிமத்தை வாங்கிய பிரான்சின் சித்ரோயன், நீந்தும் அன்னத்தைச் சின்னமாக வைத்தது!