பழைய சுடும் விளையாட்டுகளுக்குச் சுட்டியும் விசைப்பலகையும்: வாங்குவோர் அறிய வேண்டியவை

ஆடுபவர் கதைமாந்தரின் கண்வழியே களத்தைக் கண்டு சுடும் வகைக் கணினி விளையாட்டுகளில் 'உல்ஃபென்ஸ்டைன் 3டி' (1992), 'டூம்' (1993), 'குவேக்' (1996) ஆகியவை முன்னோடிகளாகக் கருதப்படுகின்றன. இவற்றுள் 'டூம்' விளையாட்டின் மூலநிரல் 1997ஆம் ஆண்டிலேயே பொதுவில் வெளியிடப்பட்டதால், புதிய கணினிகளில் இயங்கும் வடிவங்கள் பல உருவாகி, அது இன்றும் பரவலாக ஆடப்படுகிறது. ஆனால், இவற்றை ஆடுவதற்கென்று 'கேமிங்' சுட்டியோ (மவுஸ்) விசைப்பலகையோ (கீபோர்டு) வாங்கச் செல்வோர், இவ்விளையாட்டுகளுக்குப் பெரும்பாலும் பயன்படாத எண்களுக்கே அதிக விலை கொடுக்கின்றனர்.

அந்த எண்களுள் முதலாவது 'போலிங் ரேட்' எனப்படுவது. அதாவது, சுட்டி தன் நகர்வை நொடிக்கு எத்தனை முறை கணினிக்குத் தெரிவிக்கிறது என்னும் அளவு. சாதாரண யு.எஸ்.பி. சுட்டி நொடிக்கு 125 முறை தெரிவிக்க, விலையுயர்ந்தவை 1,000 முறையும் 8,000 முறையும் தெரிவிப்பதாக விளம்பரப்படுத்தப்படுகின்றன. 'டூம்' தன் மூல வடிவில் ஆட்ட நிலையை நொடிக்கு 35 முறை மட்டுமே கணக்கிடுவதால், ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 28 மில்லி நொடிக்குள் சாதாரணச் சுட்டியே மூன்று முறை செய்தி அனுப்பிவிடுகிறது. 8,000 முறை அனுப்பும் சுட்டியால் அங்கே கூடுதல் பயன் இல்லை என்பதோடு, பழைய நிரல்கள் சில அவ்வளவு செய்திகளைக் கையாள முடியாமல் திக்கித் திணறவும் கூடும். அந்நிலையில் சுட்டியின் அமைப்புகளில் அந்த அளவை 500க்கோ 125க்கோ குறைத்துப் பார்ப்பதே முதல் தீர்வு. இரண்டாவது எண் 'டி.பி.ஐ.', அதாவது ஓர் அங்குல நகர்வைச் சுட்டி எத்தனை கூறுகளாக எண்ணுகிறது என்பது. மலிவான சுட்டிகள் சிலவற்றில் உணரி உண்மையில் எண்ணும் அளவு குறைவாக இருக்க, மென்பொருள் கணக்கால் பெருக்கிக் காட்டப்பட்ட எண்ணே பெட்டியின் மேல் அச்சாகிறது.

விசைப்பலகையிலோ பெட்டி சொல்லாத ஒன்றுதான் முக்கியமானது. விசைகளுக்குத் தனித்தனிக் கம்பிகள் இழுக்காமல் குறுக்கும் நெடுக்குமான வலைப்பின்னலில் அவற்றை இணைப்பதால், மலிவான பலகைகளில் சில மூன்று விசைகளை ஒருசேர அழுத்தினால் மூன்றாவது விசை பதிவாவதில்லை. மேல் அம்பு, இடது அம்பு, இடைவெளிப் பட்டை ஆகிய மூன்றும் இவ்வாறு முரண்படும் பலகைகள் உண்டு. 'டூம்' விளையாட்டிலோ ஓடியபடியே திரும்பிக் கதவைத் திறக்க வேண்டிய விசைகள் இவையேதான். கடையிலேயே ஒரு கணினியில் செருகி, இரு அம்பு விசைகளை அழுத்திப் பிடித்தபடி மூன்றாவதைத் தட்டிப் பார்த்தால் சிறிது நேரத்தில் உண்மை தெரிந்துவிடும். இன்னொரு வேடிக்கையான இடரும் உண்டு. பழைய அமைப்பில் பக்கவாட்டில் நகர 'ஆல்ட்' விசையும் வரைபடம் பார்க்க 'டேப்' விசையும் ஒதுக்கப்பட்டிருப்பதால், விண்டோஸ் கணினியில் இரண்டையும் சேர்த்து அழுத்தியவர் சண்டையின் நடுவே வேறு சாளரத்துக்குத் தாவிவிடுவார். எனவே, விசைகளை முதலில் மாற்றி அமைத்துப் பார்த்து, அதன் பிறகும் குறை இருந்தால் மட்டுமே புதிய கருவியைப் பற்றி எண்ணுவது முறை. சுட்டியை முன்னால் தள்ளினால் ஆளும் முன்னால் நகர்வது 'டூம்' விளையாட்டின் இயல்பே என்பதையும், அதைப் புதிய வடிவங்களில் நிறுத்திவைக்கலாம் என்பதையும் அறியாதவர், நல்ல சுட்டியைப் பழுதானதென்று திருப்பித் தரவும் நேரலாம். கையில் பிடித்து ஆடும் 'கேம்பேட்' இவ்விளையாட்டுகளுக்குப் போதுமானதே. குறிபார்க்கும் வேகத்தில் மட்டும் அது சுட்டிக்கு ஈடாகாது.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, மணிக்கட்டைப் பக்கவாட்டில் வளைத்தே நெடுநேரம் ஆடுவதால் நரம்பு அழுந்தக்கூடும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துப்போவது கவனிக்க வேண்டிய அறிகுறி. அதற்கு மருத்துவரைத்தான் நாட வேண்டுமேயன்றி, 'எர்கோனாமிக்' என்று அச்சிட்ட இன்னொரு சுட்டியை அல்ல. கம்பியில்லாக் கருவிகளில் வேறு வகை இடர் உள்ளது. ரேடியோ அலைவழி இயங்கும் பல நிறுவனங்களின் சுட்டிகளுக்கு அருகிலிருந்து அந்நியர் போலி விசை அழுத்தங்களை அனுப்ப முடியும் என்பது 'மவுஸ்ஜாக்' என்ற பெயரில் 2016ஆம் ஆண்டில் வெளிப்படுத்தப்பட்டது. ஆகவே, வாங்கியதும் தயாரிப்பாளரின் பாதுகாப்புப் புதுப்பிப்பு உள்ளதா என்று பார்ப்பது நல்லது. வலைவழி ஆடுவோர் விளையாட்டின் விதியையும் முன்கூட்டியே அறிய வேண்டும். எதிரெதிர்த் திசை விசைகளில் கடைசியாக அழுத்தியதைத் தானே தேர்ந்துகொள்ளும் விசைப்பலகை வசதியை 'கவுன்டர்-ஸ்ட்ரைக் 2' விளையாட்டின் அதிகாரபூர்வ சேவையகங்களில் வால்வ் நிறுவனம் 2024ஆம் ஆண்டில் தடைசெய்தது. அவ்வசதிக்கென்றே கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்கு அது பயனற்றுப் போயிற்று.

இந்தியாவில் இத்தகைய வாங்குதல்களுக்குப் பொருந்துவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. பொருளின் தரத்தையோ அளவையோ பொய்யாக விவரித்து ஏமாற்றுவது அச்சட்டத்தின்படி தவறான விளம்பரம் ஆகும். அதற்காகத் தயாரிப்பாளர் மீதும், பரிந்துரைத்து நடிப்பவர் மீதும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இறக்குமதியான பொருளின் உறையில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், உற்பத்தியான நாடும், அதிகபட்ச விலையும், புகார் தெரிவிக்கும் தொடர்பு விவரமும் இருந்தாக வேண்டும். இவை இல்லாத பெட்டிக்கு உத்தரவாதம் கேட்க ஆளே இருக்க மாட்டார் என்பதால், மலிவு விலைக்காக அதை வாங்குவது வீண். வலைவழி விற்பனைக்கான 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையும் விளம்பர விவரிப்புக்கு மாறான பொருளையும் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று ஒப்புகை அளித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒரு முறை அழுத்தினால் இரு முறை பதிவாவது சுட்டிகளில் அடிக்கடி காணப்படும் பழுது. உத்தரவாதக் காலத்துக்குள் அது தோன்றினால், அதைக் காணொளியாகப் பதிவுசெய்து விலைச்சீட்டுடன் எழுத்து மூலம் அனுப்புவது பின்னாளில் சான்றாக உதவும்.

அப்போதும் தீர்வு கிடைக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம்; அடுத்த படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளுக்குக் கட்டணமும் இல்லை. எனினும், விளையாட்டு மையம் நடத்தி லாபம் ஈட்டுவதற்காக மொத்தமாக வாங்குவோர், சுயதொழில் பிழைப்புக்காக வாங்கியிருந்தாலன்றி, நுகர்வோர் என்ற வரையறைக்குள் வருவதில்லை. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கப்பட வேண்டும் என்பதால், விலைச்சீட்டையும் பெட்டியையும் அதுவரையாவது பாதுகாத்து வைப்பது அவசியம்.