சுடாத சுடர்

ஜெர்மனியின் பால்டிக் கடலோரத்தில் கிரைஃப்ஸ்வால்ட் என்றொரு சிறிய பல்கலைக்கழக நகரம் இருக்கிறது. அங்குள்ள லைப்னிட்ஸ் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தில் பிறந்த கைக்கருவி ஒன்றின் பெயர் கின்பென். பேனாவைப் போலப் பிடித்துக்கொண்டு இயக்கினால், நுனியில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஊதாச் சுடர் எழும். அதில் விரலை நீட்டலாம். இதமான காற்று படும், அவ்வளவுதான். அதே சுடர் பட்டால், வழக்கமான மருந்துகளுக்கு மசியாத பாக்டீரியாக்களும் மடிகின்றன. 2013இல் ஐரோப்பாவில் இதற்கு மருத்துவக் கருவி என்ற அங்கீகாரம் கிடைத்தது.

அந்தச் சுடரில் எதுவும் எரியவில்லை. அது பிளாஸ்மா. வாயுவுக்குள் மின்சாரத்தைச் செலுத்தி, அதன் அணுக்கள் சிலவற்றிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுத்தால் கிடைக்கும் நிலை இது. திண்மம், நீர்மம், வாயு ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது நிலை. சூரியன் பிளாஸ்மா, மின்னலும் பிளாஸ்மாதான். மின்னலின் பாதையில் வெப்பம் 30,000 டிகிரியைத் தொடும். அப்படியிருக்க, இந்தச் சுடர் மட்டும் ஏன் சுடவில்லை?

உண்மையில் இதற்குள்ளும் கடும் வெப்பம் உண்டு. ஆனால் அது எலக்ட்ரான்களிடம் மட்டுமே இருக்கிறது. அவற்றின் வெப்பநிலை பத்தாயிரம் டிகிரியைத் தாண்டும். அதாவது சூரியனின் மேற்பரப்பைவிட அதிகம். கருவியில் பாயும் ஆர்கான் வாயுவின் ஓர் அணுவோ எலக்ட்ரானைவிட ஏறக்குறைய 73,000 மடங்கு எடை கொண்டது. நிற்கும் புல்லட் மோட்டார் சைக்கிள்மீது டேபிள் டென்னிஸ் பந்தை எறிந்து பாருங்கள். எடை விகிதம் கிட்டத்தட்ட அதுதான். பந்து துள்ளித் திரும்பும்; வண்டி அசையாது. எலக்ட்ரான்கள் எத்தனை வேகமாக மோதினாலும் அணுக்களுக்குக் கைமாறும் வெப்பம் அற்பம். எனவே வாயு 40 டிகிரிக்குள்ளேயே நிற்கிறது. இதைத்தான் குளிர் பிளாஸ்மா என்கிறார்கள்.

வீட்டு ட்யூப்லைட்டுக்குள் இருப்பதும் இதே வகைதான். ஆனால் அங்கே வாயு மிக மெலிதாக அடைக்கப்பட்டிருக்கும். நாம் மூச்சுவிடும் காற்றழுத்தத்தில் மோதல்கள் பல மடங்கு கூடும். அற்ப வெப்பமும் சேர்ந்து சேர்ந்து சுட்டுவிடும். இதைத் தவிர்க்க ஒரு வழியை வெர்னர் ஃபான் சீமென்ஸ் 1857இலேயே காட்டிவிட்டார். ஓசோன் தயாரிப்பதற்காக அவர் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே கண்ணாடித் தடுப்பை வைத்தார். மின்பொறி கிளம்பியதுமே கண்ணாடியில் மின்னூட்டம் தேங்கி அதை அணைத்துவிடும். சூடேற நேரமே இருக்காது. இன்றைய சில சிகிச்சைக் கருவிகள் இந்த உத்தியில்தான் இயங்குகின்றன. அவற்றில் எதிர்முனையாக இருப்பது நோயாளியின் தோல்!

சரி, கொல்வது யார்? ஆர்கான் அல்ல. அது எதனுடனும் சேராத சாது. வேகமான எலக்ட்ரான்களும் அவை கிளறிவிட்ட ஆர்கானும் சுற்றியுள்ள காற்றின் ஆக்சிஜன், நைட்ரஜன், நீராவி மூலக்கூறுகளை உடைக்கின்றன. அந்த உடைசல்களிலிருந்து ஓசோன், நைட்ரிக் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில் போன்றவை உருவாகின்றன. கிடைத்ததோடு உடனே வினைபுரியத் துடிப்பதால் இவற்றை வினைத்துகள்கள் என்று அழைக்கலாம். ஹைட்ராக்சிலின் ஆயுள் செல்லுக்குள் ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அதற்குள் பக்கத்தில் இருப்பதைத் தாக்கிவிடும்.

மருந்து எதிர்ப்பு தோற்பது இங்கேதான். ஆன்டிபயாடிக் மருந்து பெரும்பாலும் பாக்டீரியாவின் ஒரே ஒரு பாகத்தைக் குறிவைக்கிறது. மெதிசிலின் என்ற ஆன்டிபயாடிக் 1959இல் வந்தது. 1961இலேயே பிரிட்டனில் அதற்கு அடங்காத ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா கண்டறியப்பட்டது. மருந்து பற்றிக்கொள்ள வேண்டிய புரதத்துக்குப் பதிலாக வேறொன்றை அது வைத்துக்கொண்டது. இத்தகைய தந்திரங்களால் 2019இல் மட்டும் உலகெங்கும் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. வினைத்துகள்களோ எந்தப் புரதத்தையும் தேடி வருவதில்லை. உறையின் கொழுப்பு, உள்ளிருக்கும் புரதம், டி.என்.ஏ. என்று எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் சிதைக்கின்றன. ஒரு புரதத்தை மாற்றிக்கொண்டு தப்ப முடியாது.

அப்படியானால் நம் செல்கள் பிழைப்பது எப்படி? நம் செல் பாக்டீரியாவைவிடப் பத்து மடங்குக்கு மேல் அகலமானது. அதன் டி.என்.ஏ. உட்கருவுக்குள் பத்திரமாக இருக்கிறது. பழுதுபார்க்கும் நொதிகளும் ஏராளம். இன்னொரு காரணமும் உண்டு. நம் வெள்ளணுக்களே கிருமியை விழுங்கியதும் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வினைத்துகள்களைப் பாய்ச்சித்தான் அதைக் கொல்கின்றன. இந்த ஆயுதம் நம் உடலுக்கு நெடுநாள் பழக்கம்.

மருத்துவமனைக்கு இது வந்த வழியும் விசித்திரமானது. மியூனிக் அருகே கார்ஷிங்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் விண்வெளி இயற்பியல் நிறுவனத்தின் கிரெகர் மோர்ஃபில், பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பிளாஸ்மா சோதனைகள் நடத்தியவர். அவரது குழு மருத்துவர்களுடன் கைகோத்தது. நாள்பட்ட புண் கொண்ட 36 பேருக்கு, வழக்கமான சிகிச்சையோடு தினமும் 5 நிமிடம் பிளாஸ்மாவும் தந்தார்கள். 2010இல் வெளியான முடிவு: பிளாஸ்மா பட்ட இடங்களில் பாக்டீரியா 34 சதவீதம் கூடுதலாகக் குறைந்தது, அது எந்த வகை பாக்டீரியா என்பது பொருட்டாகவே இல்லை.

2020இல் வெளியான மற்றொரு ஜெர்மன் ஆய்வில் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால்புண்கள் பிளாஸ்மாவால் விரைவாகச் சுருங்கின. ஆனால் கிருமிகளின் அளவில் பிளாஸ்மா பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை! காரணம் இதுவாக இருக்கலாம்: வினைத்துகள்கள் சிறிய அளவில் நம் செல்களைத் தட்டியெழுப்பி வளரவும் வைக்கின்றன. அளவு மீறினால் அதே துகள்கள் அந்தச் செல்களையும் கொல்லும்.

எனவே இது எல்லாவற்றுக்குமான மருந்து அல்ல. சுடர் எட்டுவது மேற்பரப்பை மட்டுமே. ரத்தத்திலோ நுரையீரலிலோ பரவிய தொற்றை அது தொடாது. மாத்திரைக்கு மில்லிகிராம் கணக்கு உண்டு. பிளாஸ்மாவின் வீரியமோ தூரம், ஈரப்பதம், வாயு, நேரம் எனப் பலவற்றைப் பொறுத்து மாறும். கருவிகளை ஒப்பிட ஜெர்மனி 2014இல் பொதுவான சோதனைமுறைகளை வகுத்தது. கின்பென்னைக் கையில் எடுக்கும் மருத்துவர் இன்று கடிகாரத்தையும் புண்ணின் பரப்பையும் பார்த்தே அளவை முடிவுசெய்கிறார்: சதுர சென்டிமீட்டருக்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்.