முதலில் பெயர், பிறகுதான் இடம்

சொந்தமாக வெப்சைட் தொடங்க நினைக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனியில் ஸ்பேஸ் வாங்கலாம்?" என்பதுதான். எத்தனை ஜிபி, மாதம் எவ்வளவு ரூபாய் என்று நாலைந்து கம்பெனிகளை ஒப்பிட்டுப் பட்டியல்கூடப் போட்டு வைத்திருப்பார்கள். பெயரைப் பற்றிக் கேட்டால், "அதுதான் ஹோஸ்டிங் வாங்கினால் ஃப்ரீயாகத் தருகிறார்களே" என்று பதில் வரும். வெப் சர்வர்களோடு தினமும் மல்லுக்கட்டும் சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்ற முறையில் நான் சொல்வது இதுதான்: இந்த வரிசையை அப்படியே தலைகீழாக மாற்றுங்கள். இடத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பெயர் கைவிட்டுப் போனால் திரும்பக் கிடைப்பது மிகவும் கஷ்டம்.

வெப்சைட்டின் முகவரியை டொமைன் என்கிறோம். அதைப் பதிவு செய்து தரும் கம்பெனி ரிஜிஸ்ட்ரார். உங்கள் பக்கங்கள், படங்கள் எல்லாவற்றையும் தன் சர்வரில் வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கு அனுப்பும் கம்பெனி ஹோஸ்ட். செல்போனோடு ஒப்பிட்டால் சுலபமாகப் புரியும். டொமைன் என்பது உங்கள் நம்பர். ஹோஸ்டிங் என்பது கையில் இருக்கும் செட். செட் கெட்டுப் போனால் வேறு வாங்கி அதே நம்பரைப் போட்டுக்கொள்ளலாம், கூப்பிடுகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. நம்பர் போய்விட்டால்?

இரண்டையும் இணைப்பது நேம் சர்வர் என்ற ஒரு சிறிய அமைப்பு. ரிஜிஸ்ட்ராரின் தளத்தில் லாகின் செய்து, ஹோஸ்ட் கொடுத்த நேம் சர்வர் பெயர்களை அங்கே டைப் செய்துவிட்டால் போதும். சில மணி நேரத்தில், சில சமயம் இரண்டு நாட்களுக்குள், உங்கள் முகவரி அந்த சர்வரைக் காட்டத் தொடங்கும். ஹோஸ்ட்டை மாற்றும்போது செய்ய வேண்டியதும் இதேதான். அதனால்தான் இரண்டையும் தனித்தனிக் கம்பெனிகளில் வாங்குங்கள் என்கிறேன். ஹோஸ்ட்டோடு தகராறு வந்தாலும் பெயர் உங்கள் கையில் இருக்கும்.

எந்த ரிஜிஸ்ட்ராரிடம் வாங்குவது? டாட் காம் பெயர்களுக்கு மொத்த வியாபாரி அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனம். நம் நாட்டின் டாட் இன் பெயர்களுக்கு நிக்சி என்ற அமைப்பு. ரிஜிஸ்ட்ரார்கள் எல்லோரும் இவர்களிடம் எடுத்து விற்கும் சில்லறைக் கடைக்காரர்கள். டாட் காம் பெயரின் மொத்த விலை 2024 செப்டம்பரில் 10.26 டாலராக உயர்ந்தது. நம் பணத்தில் 850 ரூபாய்க்கு மேல். அப்படியிருக்க ஒருவர் 99 ரூபாய்க்குத் தருகிறார் என்றால், முதல் வருடம் கைக்காசு போட்டுத் தருகிறார் என்று அர்த்தம். அந்தக் காசை இரண்டாம் வருடத்தில் எடுத்துவிடுவார். எனவே பெரிய எழுத்தில் போட்டிருக்கும் விலையை விட்டுவிட்டு, ரினியூவல் விலை எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். அது கண்ணில் படாத இடத்தில் இருந்தால் கடையே வேண்டாம்.

அடுத்து, டாட் காம், டாட் நெட் போன்ற பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் அங்கீகாரம் அந்த ரிஜிஸ்ட்ராருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஐகான் தளத்திலேயே பட்டியல் இருக்கிறது. அங்கீகாரம் பெற்றவர், நீங்கள் கேட்டால் 5 நாட்களுக்குள் டிரான்ஸ்ஃபர் கோடு தந்தாக வேண்டும். செல்போன் நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற 1900 என்ற எண்ணுக்கு மெசேஜ் அனுப்பி ஒரு கோடு வாங்குகிறோமே, அதே போலத்தான் இதுவும்.

இலவச டொமைன்? டாட் டிகே, டாட் எம்எல் போன்ற பெயர்களை ஃப்ரீநாம் என்ற நிறுவனம் பல வருடங்கள் சும்மாவே கொடுத்து வந்தது. மோசடிக்காரர்கள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துவதாக மெட்டா நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2023-ல் புதிய பதிவுகள் நின்றன. 2024-ல் அந்த நிறுவனம் இந்தத் தொழிலையே விட்டுவிட்டது. அந்தப் பெயர்களை நம்பித் தளம் நடத்தியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். தன் ஊர்க் கோயில்களைப் பற்றிப் பல வருடங்கள் சேர்த்த குறிப்புகளை அவர் ஒரு வெப்சைட்டில் போட்டார். தளத்தை அமைத்துத் தந்த டிசைனரே டொமைனையும் வாங்கிக் கொடுத்தார், தன் பெயரில், தன் இமெயில் முகவரியில். ஆசிரியரும் வருடா வருடம் அவரிடம் பணம் கொடுத்து வந்தார். பிறகு டிசைனர் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார், போன் நம்பரும் மாறிவிட்டது. ரினியூ செய்யச் சொல்லி வந்த மெயில்கள் எல்லாம் அவருக்குத்தான் போயிருக்கும். ஒரு நாள் தளம் திறக்கவில்லை. ஆசிரியர் ரிஜிஸ்ட்ராருக்கு எழுதினார். பெயர் உங்களுடையது என்பதற்கு எங்களிடம் பதிவு இல்லை என்று பதில் வந்தது. சில மாதங்கள் கழித்து அந்த முகவரியில் சூதாட்டத் தளம் ஒன்று திறந்தது. அவர் அச்சிட்ட கோயில் புத்தகத்தின் பின்னட்டையில் இன்னமும் அந்த முகவரிதான் இருக்கிறது. கட்டுரைகளை வேறு பெயரில் ஏற்றித் தந்துவிட்டோம். புத்தகத்தை எப்படித் திருத்துவது?

ஆகவே யார் தளம் அமைத்துத் தந்தாலும், டொமைனை உங்கள் பெயரில், உங்கள் இமெயிலில், நீங்களே கணக்குத் திறந்து வாங்குங்கள். வேலை செய்பவருக்கு நேம் சர்வரை மாற்றித் தந்தால் போதும், பாஸ்வேர்டு தர வேண்டியதில்லை. இன்னொன்று, கணக்குக்குக் கொடுக்கும் இமெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் நின்றுவிடும். எச்சரிக்கை யாருக்குப் போகும்?

டாட் காம் பெயர் காலாவதியாவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் ரிஜிஸ்ட்ரார் மெயில் அனுப்ப வேண்டும் என்பது விதி. காலாவதியான பிறகும் பெயர் உடனே பறிபோகாது. வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்கச் சில நாட்கள் அவகாசம் கிடைக்கலாம். இது ரிஜிஸ்ட்ராருக்கு ரிஜிஸ்ட்ரார் மாறும். அவர் பெயரை நீக்கினாலும் 30 நாட்கள் மீட்கும் காலம் உண்டு, ஆனால் அபராதம் பல மடங்கு. அதன்பின் 5 நாட்கள் கழித்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இப்படி விழும் பெயர்களைப் பிடிக்கவே தானியங்கி புரோகிராம்களோடு காத்திருப்பவர்கள் உண்டு.

'ஆட்டோ ரினியூ' போட்டுவிட்டேன், கவலை இல்லை என்று இருந்துவிடாதீர்கள். தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் கட்டுப்பாடு கொண்டு வந்தபின், நம் கார்டுகளில் பல வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஆட்டோ ரினியூ தோல்வியடைந்தது. செல்போன் காலண்டரில் ஒரு மாதம் முன்பே நினைவூட்டல் போட்டுக்கொள்ளுங்கள். அல்லது ஒரேயடியாகச் சில வருடங்களுக்குப் பணம் கட்டிவிடலாம். டாட் காமுக்கு 10 வருடம் வரை முடியும்.

இனி ஹோஸ்ட். இதில் அவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நாலைந்து பக்கங்கள், சில படங்கள் என்றால் கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச சேவையே போதும். தளம் 1 ஜிபி வரை இருக்கலாம், மாதம் 100 ஜிபி வரை போக்குவரத்து. 1.5 எம்பி அளவுள்ள பக்கத்தை மாதம் 1,000 பேர் ஆளுக்கு மூன்று முறை திறந்தாலும் 4.5 ஜிபிதான் ஆகிறது. உங்கள் சொந்த டொமைனையும் அதில் இணைக்கலாம். வேர்டுபிரஸ் நிறுவ வேண்டும் என்றால் மட்டும் பணம் கட்டி ஷேர்டு ஹோஸ்டிங் வாங்குங்கள். 'அன்லிமிடெட்' என்ற வார்த்தையில் மயங்காதீர்கள். இடத்துக்கு அளவில்லை என்பார்கள், ஆனால் ஃபைல்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருப்பார்கள். 99.9 சதவீதம் தளம் இயங்கும் என்பதும் அப்படித்தான். வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் படுத்துக்கொண்டாலும் வாக்குத் தவறவில்லை என்பார்கள்! பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் வேறு கம்பெனி பாருங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் அதை இலவசமாகத் தருகிறது. முதலில் ஒரு வருடத்துக்கு மட்டும் வாங்குங்கள், மூன்று வருடத் தள்ளுபடிக்கு ஆசைப்பட வேண்டாம்.

பேக்கப் எடுப்பதை ஹோஸ்ட் பார்த்துக்கொள்வார் என்று விடுவதும் சரியல்ல. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்து எரிந்தபோது, சிலருடைய தளமும் போயிற்று, அதே வளாகத்தில் இருந்த பேக்கப்பும் போயிற்று. மாதம் ஒரு முறை எல்லா ஃபைல்களையும், வேர்டுபிரஸ் என்றால் டேட்டாபேஸையும் சேர்த்து, உங்கள் கம்ப்யூட்டருக்கு இறக்கி ஒரு பென் டிரைவிலும் போட்டு வையுங்கள். ரிஜிஸ்ட்ரார் பெயர், அங்கே கொடுத்த இமெயில், காலாவதியாகும் தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி, வீட்டு வரி ரசீது இருக்கும் ஃபைலில் வைத்துவிடுங்கள்.