நம் வரிப்பணம் ஆய்வுக்கூடத்துக்குப் போகலாமா?

செருப்பு வாங்கினாலும் வரி, செல்போன் ரீசார்ஜ் செய்தாலும் வரி. கூலி வேலைக்குப் போகும் சகோதரரும் ஜிஎஸ்டி கட்டத்தான் செய்கிறார். அந்தப் பணத்தில் ஒரு பகுதி விஞ்ஞானிகளுக்கு ஆய்வு மானியமாகப் போகிறது. பள்ளிக்கூடத்துக்கே நிதி போதாத நாட்டில் இது தேவையா, லாபம் பார்க்கும் கம்பெனிகளே செய்துகொள்ளட்டுமே என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

இதற்குப் பதில் நம் சென்னையிலேயே இருக்கிறது. 1950களில் காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்பதே மருத்துவ வழக்கம். நோயாளிகளோ லட்சக்கணக்கில், படுக்கைகள் அதில் சிறு பங்குக்கும் காணாது. 1956ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து சென்னையில் ஓர் ஆய்வு மையம் அமைத்தன. ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் ஓய்வும் சத்தான உணவும். மறு பிரிவினர் தங்கள் நெரிசலான வீடுகளிலேயே இருந்தார்கள். மருந்து இருவருக்கும் ஒன்றே, ஓராண்டுக்கு.

1959ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். அவர்களால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடுதலாகப் பரவவும் இல்லை. வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடும் இன்றைய முறைக்கு உலகம் மாற இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

'படுக்கை வேண்டாம், வீட்டிலேயே இருங்கள்' என்ற முடிவை எந்தக் கம்பெனி விற்க முடியும்? விற்க முடியாத அறிவுக்குத்தான் பொதுப்பணம் தேவைப்படுகிறது. வயிற்றுப்போக்குக்கு நாம் கொடுக்கும் ஓஆர்எஸ் கரைசலும் அப்படித்தான். டாக்காவில் அரசுகளின் நிதியில் இயங்கிய காலரா ஆய்வுக்கூடத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

ஒவ்வொரு நோய்க்கும் மருந்து உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த சமுதாயம் நாம். பாக்தாதில் கலீஃபா மஃமூன் காலத்தில் அறிவியல் நூல்களின் மொழிபெயர்ப்புக்கு அரசு ஆதரவு கிடைத்தது. பொதுப்பணத்தில் அறிவு வளர்ப்பது நமக்குப் புதிதல்ல.

எல்லா ஆய்வும் பலன் தராது, பல வீணாகும். அதனால் கணக்குக் கேட்க வேண்டும், ஐயமில்லை. ஆனால் நம்மை அதிகம் உறுத்துவது வேறு: வரி எல்லோரும் கட்டுகிறோம், மானியம் யாருக்குப் போகிறது? முஸ்லிம்கள் உள்ளிட்ட ஆறு சிறுபான்மைச் சமூகங்களின் ஆய்வு மாணவர்களுக்கு 2009 முதல் வழங்கப்பட்ட மௌலானா ஆசாத் ஃபெலோஷிப், பிற திட்டங்களோடு ஒன்றுபடுகிறது என்று காரணம் கூறி 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. எங்கள் பார்வையில் இது தவறான முடிவு. பிஎச்.டி. வரை வரும் நம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், குறைவு என்பதால்தான் அந்தத் திட்டமே வந்தது.

இருக்கும் வாசலையாவது விட்டுவிடக் கூடாது. அறிவியல் படிக்கும் பிள்ளைகள் சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் பெற்றால், 2023ல் உயர்த்தப்பட்டபடி மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. பெண்களுக்கு வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் உண்டு. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் ஆகியோர் மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் மாநில பிசிஎம் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.