உங்களுக்குத் தெரியுமா? எம்.ஆர்.ஐ.யில் மறைந்திருப்பதையும் அளக்கலாம்!

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படம்பிடிப்பது பெரும்பாலும் உடலிலுள்ள நீரைத்தான். நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையின் கொழுப்பும் புரதமும் தரும் சிக்னல் சுமார் 10 மைக்ரோ விநாடியிலேயே மங்கிவிடும். சாதாரண ஸ்கேனில் பதிவாகாது.

அதை மறைமுகமாக அறியும் வழியை 1989-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் வுல்ஃபும் பாலபனும் வெளியிட்டார்கள். நீரின் அதிர்வெண்ணிலிருந்து விலகிய ரேடியோ அலையைச் செலுத்தினால், கொழுப்பு, புரத மூலக்கூறுகளிலுள்ள புரோட்டான்களின் காந்தத்தன்மை குலையும். அந்தக் குலைவு பக்கத்து நீருக்கும் தொற்றி, நீரின் சிக்னல் குறையும்.

அலையின் வலிமையையும் அதிர்வெண்ணையும் மாற்றி மாற்றி ஸ்கேன் எடுத்துக் கணக்கிட்டால், அந்த மூலக்கூறுப் பங்கு எண்ணாகவே கிடைக்கும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் மயலின் சிதையச் சிதைய இந்த எண் இறங்கும். வீக்கத்தால் நீர் கூடினாலும் இறங்கும் என்பதால், இதை மட்டும் வைத்து நோயை முடிவுசெய்ய முடியாது.