பாக்காம நம்பலாமா?

ஆண்டு மலரில் எல்லோரும் கம்ப்யூட்டர், கவிதை, காதல் என்று எழுதும்போது இவன் மட்டும் என்ன வேதாந்தம் பேசுறான் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விஷயம் நம்ம லேபில் ஆரம்பித்ததுதான்.

முதல் வருஷம் ஓம் விதி சோதனை எழுதிய ரெக்கார்டு நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். திராட்சைத் தோட்டத்து வேலை முடிந்து வந்த அம்மா, "என்னப்பா இது, படம் படமா போட்டிருக்க?" என்று கேட்டார். கம்பிக்குள் எலக்ட்ரான் ஓடுவதை விளக்கினேன்.

"நீ பாத்தியா அத?"

"இல்லம்மா."

"ஒங்க வாத்தியாரு பாத்தாரா?"

"அவரும் பாக்கல."

"பெறகு எப்படி இருக்குங்கற?"

புத்தகத்துல போட்டிருக்கு என்றேன். அம்மா சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். நான் சொல்வதைச் சரி தப்பு என்று பார்க்க வீட்டில் யாரும் இல்லை. அப்படியென்றால் நான் படித்தது அறிவா, வெறும் நம்பிக்கையா?

கிட்டத்தட்ட இதே கேள்வியோடு நானூறு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். (தேனி 1996 வரை மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. அதனால் இது நம்ம ஊர்க் கதைதான்.) ஒருவர் இத்தாலியில் இருந்து வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி. 1606-ல் மதுரைக்கு வந்தவர், காவி கட்டி, சைவச் சாப்பாடு சாப்பிட்டு, 'தத்துவ போதகர்' என்று பேர் வைத்துக்கொண்டார். மற்றவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், சைவர். பேச்சு சுமார் இருபது நாள் நடந்தது. பதி, பசு, பாசம் மூன்றும் ஆதியில்லாதவை என்பது வாத்தியார் கட்சி. ஒன்றுமே இல்லாமல் கடவுள் எப்படி உலகத்தைப் படைக்க முடியும், மறுபிறவி இல்லையென்றால் ஒருவன் ராஜாவாகவும் ஒருவன் ஏழையாகவும் பிறப்பது ஏன் என்றெல்லாம் கேள்வி. நொபிலி "நம்பு" என்று சொல்லி முடித்துவிடவில்லை. காரியத்தைப் பார்த்துக் காரணத்தை ஊகிப்பது, அதாவது புகையைப் பார்த்து நெருப்பு இருக்கிறது என்பது போல, புத்தியால் போகக்கூடிய தூரம் வரை போவோம். அதற்கு மேல் உள்ளதற்குத்தான் விசுவாசம் என்பது அவர் வழி. கடைசியில் வாத்தியார் ஞானஸ்நானம் வாங்கினார்.

'விசுவாசம்' என்றால் நமக்கு நாய்க்கு எஜமான் மேல் இருப்பது. இராயப்பன்பட்டி நண்பனிடம் கேட்டால் அது கடவுள் நம்பிக்கை என்பான். ஒரே சொல், இரண்டு அர்த்தம்!

காவி கட்டியது தப்பு என்று சொந்த சபைக்காரர்களே நொபிலி மேல் புகார் எழுதினார்கள். 1623-ல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்த பிறகுதான் ஓய்ந்தது. ஆனால் இந்தத் தகராறு புதுசு இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தின் என்பவர் கிறிஸ்தவரான பிறகும் கிரேக்கத் தத்துவ ஞானிகளின் மேலாடையைக் கழற்றவில்லை. சாக்ரடீசிடமும் உண்மையின் விதை இருந்தது என்றார். கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் நேர் எதிர். ஏதென்சுக்கும் ஜெருசலேமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்.

ஒரு விஷயத்தில் நொபிலி மேல் எனக்கு வருத்தம் உண்டு. உண்மை எல்லோருக்கும் ஒன்று என்று வாதாடியவர், சாதிப் பிரிவை மட்டும் அப்படியே ஏற்றுக்கொண்டார். கீழே தள்ளப்பட்டவர்களுக்குத் தனியாகப் 'பண்டார சுவாமிகள்' என்று 1640 வாக்கில் வேறு குருக்கள் வந்தார்கள். இதற்கு என்ன தர்க்கமோ!

என் கேள்விக்குப் பக்கத்தில் வந்தவர் அகுஸ்தீன். கி.பி. 354-ல் இன்றைய அல்ஜீரியாவில் பிறந்தவர். பதினாறு வயதில் வீட்டில் பணம் இல்லாமல் ஒரு வருஷம் படிப்பு நின்று சும்மா இருந்தார். அதைப் படித்ததுமே எனக்கு அவர் மேல் ஒரு பாசம். அவர் சொல்வது இதுதான்: உன் அப்பா யார் என்று உனக்கு எப்படித் தெரியும்? அம்மா சொன்னதால். அம்மா யார் என்று? பிரசவம் பார்த்தவர்களும் வளர்த்தவர்களும் சொன்னதால். பார்த்தால்தான் நம்புவேன் என்றால் பெத்தவங்களைக்கூட மதிக்க முடியாது. அதனால் முதலில் நம்பு, பிறகு புரிந்துகொள்ளப் பார் என்கிறார்.

சரி, அப்படியென்றால் யார் சொன்னாலும் நம்பிவிடலாமா? இங்கேதான் அவர் வாழ்க்கையே பதில். ஒன்பது வருஷம் மானி என்பவரின் மதத்தில் இருந்தார். "நாங்கள் நம்பச் சொல்ல மாட்டோம், அறிவால் நிரூபிப்போம்" என்பது அவர்கள் வாக்கு. ஆனால் கிரகணம் எந்த நாளில், எந்த நேரத்தில் வரும் என்று வான சாஸ்திரிகள் போட்ட கணக்கு அப்படியே பலித்தது. மானியின் நூல்களில் அந்த மாதிரி கணக்கே இல்லை. பெரிய குரு பவுஸ்துஸ் வந்தால் விளக்குவார் என்றார்கள். வந்தார். கேட்டார். தெரியாது என்று நேர்மையாக ஒத்துக்கொண்டார். அந்த நேர்மை அகுஸ்தீனுக்குப் பிடித்தது, ஆனால் அந்த மதத்தின் மேல் இருந்த பிடிப்பு போய்விட்டது. (நம்ம வைவாவில் "தெரியாது சார்" என்று சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம்?)

என் புத்திக்கு எட்டியது இவ்வளவுதான். நம்பாமல் படிப்பைத் தொடங்கவே முடியாது என்பதில் அகுஸ்தீன் சொல்வது சரி. ஆனால் எதை நம்புவது என்பதற்கு அந்த வாதம் வழி காட்டாது. அதற்குக் கிரகணக் கணக்கு மாதிரி ஏதாவது வேண்டும். ஓம் விதிக்கு என் கையில் அம்மீட்டர் இருக்கிறது. வோல்டேஜை இரண்டு மடங்காக்கினால் கரண்டும் இரண்டு மடங்காகிறதா என்று நானே பார்த்தேன், ஆகிறது. உயிர்த்தெழுதலுக்கு அப்படி மீட்டர் கிடையாது. அதை அகுஸ்தீனும் மறுக்கமாட்டார். அதனால்தான் சாட்சி சொல்பவர் யார், எப்படிப்பட்டவர் என்று அவ்வளவு விசாரிக்கிறார்.

தீபாவளி லீவில் அம்மாவிடம் பழைய பாக்கியைத் தீர்க்கப் போனேன். 1897-ல் ஜே. ஜே. தாம்சன் கண்ணாடிக் குழாய்க்குள் கதிரை விட்டு, அது வளைவதைப் பார்த்துத்தான் எலக்ட்ரான் இருக்கிறது என்றார், அவரும் நேரில் பார்க்கவில்லை, புகை-நெருப்பு மாதிரிதான் என்று விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"அந்த வெள்ளைக்காரரு அப்படிச் செஞ்சாருன்னு யாரு சொன்னா?"

"புத்தகத்துல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.