போன வண்டியிலேயே திரும்பணும்

சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குப் புதுப்பேட்டைப் பட்டறையில் சித்தப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். உண்மையிலேயே வாய்தான். அந்த வண்டிக்குப் பானெட்டும் இரண்டு பக்க மட்கார்டும் ஒரே துண்டு. முன்பக்கமாகக் கவிழ்த்துத் திறந்தால் இஞ்சின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் மொத்தமாக வெளியே வந்துவிடும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து கார்புரேட்டரில் கை வைக்கலாம். பட்டறை மெக்கானிக் பாய் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் நான் டார்ச் பிடிப்பேன். அது 1977. எனக்குப் பதினைந்து வயது.

மறுநாள் விடிவதற்குள் மூலக்கடை, மாதவரம், செங்குன்றம் தாண்டி வண்டி சோழவரம் போகும். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம்தான் அங்கே பந்தயக் களம். பகலெல்லாம் ஓடிவிட்டு அதே வண்டி ராத்திரி வீடு திரும்பும். திங்கட்கிழமை காலை சித்தப்பாவை ஆபீசில் இறக்கிவிடும். இஞ்சினில் இன்னும் கொஞ்சம் எடுக்க முடியாதா என்று சித்தப்பா கேட்கும்போதெல்லாம் பாயிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "போன வண்டியிலேயே திரும்பணும் சார்."

இந்த வருஷம் நான் மறுபடி டார்ச் பிடிக்கிறேன். வண்டி தங்கை மகளுடைய போலோ, 1.0 டிஎஸ்ஐ. அவள் வேளச்சேரியிலிருந்து தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறாள். சொந்த வண்டியைப் பந்தயக் களத்தில் ஓட்டிப் பார்க்க விடும் டிராக் டே அறிவித்தால் அதே வண்டியை இருங்காட்டுக்கோட்டைக் களத்துக்கு எடுத்துப்போகிறாள். இரண்டு வண்டிகளுக்கும் இஞ்சின் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஹெரால்டு 948 சிசி, போலோ 999 சிசி. அதில் 35 குதிரைத்திறனை ஒட்டிக் கிடைத்தது, இதில் 110. அதன் எடை ஏறக்குறைய 800 கிலோ, இது ஒரு டன்னுக்கு மேல்.

ஹெரால்டைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்பதா என்று கேட்பவர்கள் உண்டு. வெளிநாட்டுக் கார்களைப் பத்திரிகைப் படத்தில் மட்டும் பார்த்த காலம் அது. இருந்த ஃபியட், அம்பாசடர், ஹெரால்டு மூன்றில் ஒன்றைத்தான் பந்தய வண்டியாக்கிக்கொள்ள வேண்டும். அவற்றில் மெட்ராஸிலேயே செய்த ஹெரால்டுக்கு ஒரு பெருமை இருந்தது. அதன் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் உடம்பை ஏற்றித்தான் இங்கிலாந்தில் 1962-ல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டார்கள். எலும்பு ஒன்றுதான். சித்தப்பா இதைக் கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும் சொல்வார்.

குதிரைத்திறன் அன்று லேத் பட்டறையில் பிறந்தது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, அடிப்பரப்பை மயிரிழை மயிரிழையாகச் சீவி எடுப்பார்கள். எரியும் அறை சுருங்கும், அமுக்கம் கூடும், அடி பலமாக விழும். ஆனால் அன்றைய பெட்ரோலுக்கு ஆக்டேன் குறைவு. அளவுக்கு மேல் சீவினால் இஞ்சின் ஏற்றத்தில் டக் டக் என்று தட்டும், பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். எங்கே நிறுத்த வேண்டும் என்பது பாயின் கணக்கு. ஹெட் மாட்டிய பிறகு நான்கு பிளக்கையும் கழற்றி வெள்ளைத் துணியில் வரிசையாக வைப்பார். நுனி கறுத்துப் புகைபிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், கார்புரேட்டரில் பெட்ரோலை விடும் ஜெட்டைக் குறைக்க வேண்டும். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, இஞ்சின் கொதிக்கும். காப்பிப்பொடி நிறம் வந்தால் தலையை ஆட்டிவிட்டு பீடி பற்றவைப்பார். டைமிங் வைக்க அவருக்கு விளக்குக் கருவி வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் அரை நூல் திருப்பி, காதைச் சாய்த்துக் கேட்டு, அங்கேயே முறுக்கிவிடுவார்.

ஞாயிறு ராத்திரி வீட்டு வாசலில் இதில் பாதி வேலையைத் திருப்பிச் செய்தாக வேண்டும். பந்தய ஜெட்டைக் கழற்றி பழைய ஜெட்டை மாட்டுவோம். இல்லாவிட்டால் அண்ணா சாலை டிராஃபிக்கில் பிளக் அடைத்துக்கொண்டு நிற்கும். கழற்றியதைப் போட்டுவைக்க எனக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் கொடுத்திருந்தார். அதைத் தொலைத்தால் திங்கட்கிழமை சித்தப்பா பஸ்ஸில் போவார்.

ஹெரால்டின் ஆபத்து பின்சக்கரத்தில் இருந்தது. இரண்டு பின்சக்கரங்களும் தனித்தனி ஆக்ஸிலில் ஊஞ்சல் போலத் தொங்கும், குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங். திருப்பத்தில் வேகமாகப் போய், பயந்து பாதியில் ஆக்சிலேட்டரை விட்டால் வண்டியின் பின்புறம் எழும்பும். வெளிப்பக்கச் சக்கரம் அடிப்பக்கமாக மடங்கும். அப்புறம் வண்டி நம் பேச்சைக் கேட்காது. பட்டையைத் தாழ்த்தி, சக்கரத்தின் தலை உள்பக்கம் கொஞ்சம் சாய்ந்தே நிற்கும்படி பாய் செய்துவைத்தார். செங்குன்றம் போய்வர அது குலுக்கல்தான். சித்தி பின்சீட்டில் ஏற மறுத்துவிட்டார். ஆனால் சித்தப்பாவின் வண்டி திருப்பத்தில் ஒரு தடவைகூடச் சுழன்றுபோகவில்லை.

நாங்கள் பயந்தது பிரேக்குக்குத்தான். நான்கு சக்கரத்திலும் டிரம். ஓடுதளம் நீளமானது, நேரானது. அதன் முடிவில் கூர்மையான திருப்பம். அந்த வருஷம் ஆறாவது சுற்றில் சித்தப்பா மிதித்த பெடல் கல் மாதிரி கெட்டியாக நின்றதாம், வண்டி மட்டும் நிற்கவில்லை. லைனிங் சூடேறி வழுக்க ஆரம்பித்துவிட்டது. திருப்பத்தை விட்டுவிட்டு நேரே புல்லுக்குள் போய்ப் புழுதியில் நின்றார். இரவல் ஹெல்மெட், காட்டன் சட்டை, சீட் பெல்ட் கிடையாது. நான் மூச்சுப்பிடித்து ஓடிப்போனபோது டிரம்மிலிருந்து மீன் கருகிய நாற்றம் வந்துகொண்டிருந்தது. அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அந்தக் காலத்தை நினைத்து உருகுகிறவர்கள் அந்தப் புல்தரையையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு கல் கிடந்திருந்தால், ஒரு குழந்தை நின்றிருந்தால் கதை வேறு.

நடுவில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1983 கடைசியில் மாருதி 800 வந்தது. கோயம்புத்தூர் கரிவர்தன் அதன் 796 சிசி இஞ்சினை எடுத்து, 1988-ல் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை வண்டியை உருவாக்கினார். கையில் பெரிய பணமில்லாத பையன்களுக்கும் அசல் பந்தய வண்டியின் மூக்கைப் பார்க்கும் வாய்ப்பு அதனால்தான் கிடைத்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் நிரந்தரக் களம் வந்தது. நீளம் 3.7 கிலோமீட்டர், திருப்பங்கள் பன்னிரண்டு. பந்தயத்துக்கென்று தனி வண்டி, அதை ஏற்றிவர லாரி என்று உலகம் பிரிந்துகொண்டது. ஓட்டிப்போய் ஓட்டி வருகிற எங்கள் ஜாதி கொஞ்ச காலம் காணாமலே போயிற்று. டிராக் டே என்ற ஏற்பாடுதான் அதைத் திரும்பக் கொண்டுவந்தது.

போலோவின் பானெட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடி தெரியும். டயர் மேல் உட்கார இடமில்லை. தங்கை மகள் ஸ்டியரிங்குக்குக் கீழே விரலளவு கருவி ஒன்றைச் செருகி, போனைக் காட்டுவாள். இழுக்கும் காற்றின் சூடு, டர்போ அழுத்தம், எந்தச் சிலிண்டரில் இஞ்சின் தட்டப்போய் கம்ப்யூட்டர் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்தது என்பது வரை எண்ணாக ஓடும். பாய் காதால் கேட்ட அதே டக் டக் சத்தத்தை இங்கே ஒரு சென்சார் கேட்கிறது, நமக்குக் கேட்பதற்கு முன்பே கேட்டு அடக்கிவிடுகிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது பாய் இதைப் பார்த்திருக்க வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

இந்தத் தலைமுறைக்கு வந்த பெரிய மாற்றம் இதுதான்: குதிரைத்திறன் மலிந்துவிட்டது. பாய் மூன்று ராத்திரி சீவிப் பார்த்து இரண்டோ மூன்றோ எடுப்பார். இன்று லேப்டாப்பைச் செருகி இஞ்சின் கம்ப்யூட்டரான இசியுவை ரீமேப் செய்தால் ஒரு காப்பி குடிக்கும் நேரத்தில் இருபதுக்கு மேல் வந்துவிடும். எளிதாக வருவதால் பையன்கள் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது இது. வேகம் இரட்டிப்பானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகும். கிளட்ச், டயர், கூலன்ட், பிரேக் எல்லாம் பழைய கணக்குக்கு இருக்க, இஞ்சின் மட்டும் புதுக் கணக்குப் போடுகிறது. ஒரு கடையில் தங்கை மகளிடம், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிடலாம், சத்தமும் நன்றாக வரும் என்று சொன்னார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் புகையை அன்று நாங்கள் தெரியாமல் ஊரெல்லாம் விட்டோம். ஈயமில்லாத பெட்ரோல் 1995-ல் சென்னைக்கு வந்தது, 2000-க்குள் நாடு முழுக்க ஈயம் போயிற்று. தெரிந்த பிறகும் கன்வெர்ட்டரைக் கழற்றி எறிவது பெரும் பாவம். அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

சட்டமும் அன்று போல இல்லை. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. பந்தயத்தில் ஏற்படும் சேதத்துக்கு நம் சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி ஒரு பைசா தராது. ஆகவே சாலையிலும் ஓட வேண்டிய வண்டியில் என்ன மாற்றலாம் என்ற பட்டியல் தானாகச் சுருங்குகிறது. அவள் மாற்றியது மூன்றுதான். சூடு தாங்கும் முன் பிரேக் பேட், பிரேக் ஆயில், நல்ல டயர். உயரத்தைக்கூடத் தாழ்த்தவில்லை. வேளச்சேரி வேகத்தடைகளில் அடி உரசினால் தினமும் அழ வேண்டியிருக்கும்.

பிரேக் ஆயில் பாடம் அவளுக்கு முதல் டிராக் டேயிலேயே கிடைத்தது. வண்டி வாங்கி மூன்று வருஷம், ஆயில் அதே பழைய ஆயில். நான்காவது சுற்றில், நேர்ப்பாதை முடியும் இடத்தில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரை வரை போனது. இரண்டு தடவை வேகமாகப் பம்ப் செய்ததும் பிடித்துக்கொண்டது. களத்தின் பிட்டுக்குள் வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. சித்தப்பாவுக்குக் கல்லாக நின்ற பெடல் இவளுக்குப் பஞ்சானது. அங்கே கருகியது லைனிங், இங்கே கொதித்தது ஆயில். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் நிற்க வேண்டும், ஈரம் குடித்த பிறகு அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. குமிழியை அமுக்கலாம், வண்டியை நிறுத்த முடியாது. எட்டு மாதமும் வியர்க்கிற சென்னையில் ஆயில் எவ்வளவு குடித்திருக்கும்!

அடுத்த வாரம் வீட்டிலேயே மாற்றினோம். அவள் உள்ளே பெடலில், நான் கீழே சக்கரத்தின் பிரேக் நிப்பிளில் ஸ்பேனரோடு. "மிதி" என்றேன். "மிதிச்சாச்சு மாமா." "பிடிச்சுக்கோ." நிப்பிளைத் திறந்ததும் டியூப் வழியாகக் குமிழியோடு டீத்தண்ணி நிறத்தில் வந்தது. மூடினேன். "விடு." மிதி, பிடிச்சுக்கோ, விடு. பட்டறையில் ஹெரால்டின் பெடலில் நான் உட்கார்ந்திருக்க, "மிதிங்க தம்பி, பிடிங்க, விடுங்க" என்று பாய் சொன்ன மூன்று சொல். இதற்கு ஆப் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் குரலை ஒருவர் நம்ப வேண்டும். நான்கு சக்கரத்திலும் தேன் நிறத்தில் சுத்தமாக வரும் வரை ஒரு மணி நேரம் ஆனது.

டயர் காற்றில் அன்றும் இன்றும் நேர்மாறு. அன்றைய நைலான் டயரில் பந்தயத்துக்குக் கூடுதலாக ஐந்தாறு பவுண்டு ஏற்றுவோம், இல்லாவிட்டால் பக்கச்சுவர் மடங்கும். இன்றைய ரேடியலில் நாங்கள் குறைத்துத் தொடங்குகிறோம். குளிர்ந்திருக்கும்போது 30 வைத்தால் நான்கு சுற்றில் 36-க்குப் போய் நிற்கும். உள்ளே வந்த கையோடு அளந்து இறக்கிவிட வேண்டும். வீடு திரும்பும் முன் மறுபடி ஏற்ற வேண்டும், ஏனென்றால் ஸ்ரீபெரும்புதூர் சாலையில் லாரிக்கு நடுவே குறைந்த காற்றோடு போகக்கூடாது. இதையெல்லாம் அவள் ஒரு நோட்டில் எழுதிவைக்கிறாள். என் ஹார்லிக்ஸ் பாட்டில் மாதிரி அவளுக்கு அந்த நோட்டு.

போன தடவை மாலை ஐந்து மணிக்குக் கொடி இறங்கியது. நான் சொல்லாமலே கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி வந்தாள், டர்போவும் டிஸ்க்கும் ஆறட்டும் என்று. வண்டி நின்றதும் பழக்கத்தில் கை ஹேண்ட் பிரேக்குக்குப் போனது. "அதை இழுக்காதே" என்றேன். போலோவுக்குப் பின்னால் இன்னும் டிரம்தான். கொதிக்கிற டிரம்மில் ஷூவை அழுத்தி வைத்தால் ஆறி இறுகும்போது ஒட்டிக்கொள்ளும், டிரம் வட்டம் கெடும். கியரில் போட்டுவிட்டு இறங்கினாள். டிக்கியில் நான் கொண்டுவந்திருந்த அரைச் செங்கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் கொடுத்தேன். சோழவரத்தில் பாயும் அதைத்தான் செய்வார். டயர் சூடு குறைந்ததும் அவள் டார்க் ரெஞ்சை 120-க்கு வைத்து, ஒவ்வொரு போல்ட்டாகக் குறுக்கும் மறுக்குமாக முறுக்கினாள். இருபது கிளிக் கேட்டது. பிறகு காற்று ஏற்றிக்கொண்டு, செங்கல்லை எடுத்து டிக்கியில் போட்டுவிட்டு, பூந்தமல்லி வழியாக வீட்டுக்குக் கிளம்பினோம்.